ஆடியில் முழுகும் தீவு

இலங்கை ஆடி மாதத்தில் முழுகிப் போகும் என்று ஏழு வயதில் எனக்கு உறுதியாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் ஊரில் அப்போது பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் இல்லை. நானாகவே யோசித்துக் கண்டுபிடித்தேன். அந்த யோசனையில் பெரிய பிசகு ஒன்றும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த தீவு ஆடியில் முழுகியது, அவ்வளவுதான்.

மோகனூருக்குக் கொஞ்சம் மேற்கே, காவேரிக் கரையில் எங்கள் ஊர். ஆற்றின் நடுவில் ஒரு மணல்திட்டு உண்டு. தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் அய்யன் அங்கே வெள்ளரியும் பூசணியும் போடுவார். அப்பாவை எங்கள் பக்கம் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். காவலுக்கு ஒரு ஓலைக் குடிசை. நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் நாங்கள். கோடை முழுக்க எனக்கும் அத்தைக்கும் அங்கேதான் குடித்தனம். ஆனி கடைசியில் குடிசையைப் பிரித்து, ஓலையைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவோம். ஆடியில் ஆறு பெருகினால் திட்டு இருந்த இடம் தெரியாது. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடிகிறவரை காவேரி தன் இஷ்டத்துக்குத்தான் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

அத்தை அய்யனின் தங்கை. என்னைப் பெற்றவள் நான் தவழ ஆரம்பிக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்குச் சோறு ஊட்டியது, பேன் பார்த்தது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது, அடம் பிடித்தால் முதுகில் ஒன்று வைத்தது எல்லாம் அத்தைதான். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம், புள்ளை கொஞ்சம் பெரிசாகட்டும் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். இலங்கையின் கண்டிச்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை, அதாவது ஆட்களுக்குப் பேர் போட்டு வேலை வாங்குகிற உத்தியோகம். கோட்டுப் போட்டுக்கொண்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளையைத் தட்டிக்கழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கல்யாணம் முடிந்து மாமா தோட்டத்துக்குத் திரும்பிப் போனார். அத்தை பின்னால் வருவதாகப் பேச்சு. தையில் வருகிறேன் என்றாள், தை போயிற்று. சித்திரையில் என்றாள், அதுவும் போயிற்று. காரணம் நான்தான். அடுத்த வாசலில் பெரியப்பா வீடு இருந்தது, பெரியம்மா எனக்குச் சோறு போடாமல் இருந்துவிட மாட்டாள். இருந்தாலும் அத்தைக்கு என்னை விட்டுப் போகக் கால் எழவில்லை. மாமா லீவு போட்டுவிட்டு அவரே அழைத்துப் போக வந்தார். அவர் வீட்டார் அய்யனிடம் நேராகவே சொல்லிவிட்டார்களாம்: வருகிற ஆவணியில் பெண் கூடப் போகாவிட்டால் வேறு பெண் பார்த்துக்கொள்வோம் என்று. இதை அய்யன் என்னிடம் சொன்னது, நான் இரண்டு பிள்ளை பெற்ற பிறகு. அந்த வருஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமா வந்தால் நோம்பி பண்டிகைக்குத் தின்பண்டம் அதிகம் என்பதுதான்.

ஆடி முதல் நாள் எங்கள் பக்கம் தேங்காய் சுடுகிற நோம்பி. தேங்காயின் கண்ணைத் துளைத்து, உள்ளே அவலும் வெல்லமும் எள்ளும் போட்டு, குச்சியைச் செருகித் தீயில் வாட்டுவோம். மாமாவை அழைத்திருந்தோம். ஆடியில் புதுமாப்பிள்ளை பெண்வீட்டில் தங்கக்கூடாது; தின்றுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் பரிசல் ஏறிவிட வேண்டும். கல்யாணமாகி வருஷம் தாண்டிவிட்டது என்றாலும், சேர்ந்து குடித்தனம் பண்ணாததால் பெரியம்மா கணக்கில் அவர் இன்னும் புதுமாப்பிள்ளைதான்.

வாசலில் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மாமா நன்றாகப் பேசுவார். அந்த ஊரில் தேங்காய் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது என்றார். மாங்காயைக் காம்பு மேலே இருக்கும்படி நிறுத்தினால் எப்படியோ அப்படி அந்தத் தேசம் என்றார். வடக்குக் கோடியில் எந்தக் காலத்திலிருந்தோ நம் பாஷை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் மலை. மலையடியில் சிங்களத்து ஜனங்களின் ஊர்களும் வயல்களும். பௌர்ணமிக்கு அவர்கள் எல்லாரும் வெள்ளை உடுத்திக்கொண்டு, கையில் பூவோடு விகாரைக்குப் போவதைத் தோட்டத்து மேட்டிலிருந்து பார்த்தால் கொக்குக் கூட்டம் மாதிரி இருக்கும். மலை மேலே தேயிலை. அங்கே நம் சேலத்துக்காரர்களும் திருச்சிக்காரர்களும். நம் பாட்டன் காலத்தில் போனவர்கள் மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்தே மலை ஏறினார்களாம். ஏறாமல் வழியிலேயே செத்துப் போனவர்கள் அதிகம் என்று சொல்லும்போது மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

கண்டியில் ராஜா உண்டா என்று பெரியம்மா கேட்டாள். முன்னே உண்டு, வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்துவிட்டான் என்றார் மாமா. அந்த ராஜாவின் வம்சமே மதுரைப் பக்கத்திலிருந்து போனதுதான் என்றும் சொன்னார். அப்படியானால் நமக்கு ஒருவகையில் சொந்தம்தான் என்று பெரியம்மா ராஜாவுக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டாள்.

எனக்கு வருத்தமெல்லாம் வேறு. நாலு பக்கமும் தண்ணீர் என்று மாமா சொன்னதிலேயே நான் நின்றுவிட்டேன்.

"மாமா, ஆடியில என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

மாமா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. தேங்காயைத் தீயில் ஒரு திருப்புத் திருப்பினார். "ஆடி பொறந்துட்டாச் சட்டி பானையெல்லாம் தூக்கிக்கிட்டு மலை மேல ஏறிக்குவோம் அம்முணி. அதுக்குத்தான் சாமி நடுவுல மலையெ வெச்சிருக்குது."

"மலையும் முழுகிட்டா?"

"பொறவென்ன, மரத்து மேலதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தைகூடப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ராஜா வேலூருக்கு வந்த காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைக்காரன் பிடித்து வந்ததாவது! ராஜாவே வெள்ளத்துக்குப் பயந்து தண்ணீர் இல்லாத ஊராகப் பார்த்து வந்துவிட்டார். அப்படிப்பட்ட இடத்துக்கு அத்தையைக் கூட்டிப் போகப் போகிறார்கள்.

மறுநாள் அய்யனிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். இந்தக் காவேரித் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது? கடலுக்கு என்றார். கடல் எங்கே இருக்கிறது? உன்ற மாமன் ஊரைச் சுத்தித்தான் என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு ஊரே ஆற்றங்கரைக்குப் போயிற்று. பெண்கள் முளைப்பாரியும் தேங்காய் பழமுமாக வந்திருந்தார்கள். ஆறு கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. திட்டில் நாணல் நுனி மட்டும் தெரிந்தது. கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் அதுவும் தெரியவில்லை. ஆறு மாதம் நானும் அத்தையும் படுத்துத் தூங்கிய இடம் அது. நான் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டு, போகாதே அத்தை, முழுகிப் போயிருவே என்று கத்த ஆரம்பித்தேன். என்ன சொல்லியும் நிறுத்தவில்லை. மிட்டாய் வாங்கித் தந்தார்கள், வீசி எறிந்தேன். வீட்டுக்குத் தூக்கி வந்து போட்டபோது உடம்பு கொதித்தது. மாமா கொண்டுவந்திருந்த தேயிலையைப் பெரியம்மா மிளகும் கருப்பட்டியும் போட்டுக் கஷாயமாகக் காய்ச்சிப் புகட்டினாள். முழுகுகிற ஊரின் இலை என்று அதையும் துப்பினேன்.

காய்ச்சல் விட்டது, பயம் விடவில்லை. அத்தை அய்யனிடம் போய் நின்றாள்.

"நான் போகலீங்கண்ணா. புள்ளை இப்புடி அழுவறப்ப எப்புடிங்கண்ணா போறது?"

அய்யன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அக்கரைக்குச் சொல்லி அனுப்பினார்.

மாமா அன்றைக்கே வந்தார். தான் விளையாட்டாகச் சொன்ன சொல் தன் குடித்தனத்துக்கே உலை வைத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். அத்தையும் கொஞ்சம் தள்ளி வந்தாள். கோட்டைக் கழற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டு, ஈர மணலில் மண்டி போட்டு இலங்கையைக் கட்டினார். மாங்காய் மாதிரி ஒரு மேடு. நடுவில் மலைகள். மலையில் வேப்பிலையைக் கிள்ளி நட்டுத் தேயிலை என்றார். விரலால் நாலு பக்கமும் கோடு இழுத்தார். நம் காவேரி எங்கேயோ குடகில் பிறந்து நம்மிடம் வருகிறாள். அங்கே ஆறெல்லாம் அந்த மலையிலேயே பிறந்து வெளியே கடலுக்கு ஓடிவிடும், உள்ளே வருகிற தண்ணீரே கிடையாது என்றார். ரொம்ப நன்றாகத்தான் சொன்னார். எனக்குப் பாதி தைரியம்கூட வந்துவிட்டது.

"அத்தனை தண்ணி போயும் கடலு ஏன் நெம்பறதில்லீங் மாமா?" என்று கேட்டேன்.

மாமா தலையைச் சொறிந்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றுத் தண்ணீர் ஒரு முழம் மேலேறி வந்தது. முதலில் மாங்காயின் அடிப்பக்கம் கரைந்தது. பிறகு கண்டி சரிந்தது. தேயிலை எல்லாம் மிதந்து மோகனூர்ப் பக்கம் போயிற்று. மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து, பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல என்னிடம் பேசினார். "நான் போன நாள்ல இருந்து அது முழுகலெ சாமி. கடலு ஏன் நெம்பறதில்லைன்னு எனக்குத் தெரியாது. நான் சொன்னது வெளையாட்டுக்குத்தான். உன்ற அத்தையெ நான் தண்ணியில உட மாட்டேன்."

பாவம், நல்ல மனுஷர். தெரியாததைத் தெரியாது என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொன்ன ஆண்பிள்ளையை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் நம்பிக்கை வேறு, வெள்ளம் வேறு. வெள்ளத்துக்கு ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்.

அத்தை திரும்பி நின்றுகொண்டு மாமாவின் கோட்டில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். கோட்டில் மணலே இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நீச்சல் பழகுவது சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டுதான். முற்றிய சுரைக்காயைக் கொடியிலேயே விட்டுக் காயவைத்து, கயிறு கட்டி இடுப்பில் மாட்டிவிட்டால் ஆளைத் தண்ணீர் விழுங்காது. என்னுடையதை அத்தை வளர்த்தாள். மாட்டுக்கொட்டகைக் கூரையில் கொடி ஏற்றி, இருந்ததிலேயே பெரிய காயை யாரும் குழம்புக்குப் பறிக்காமல் காவல் காத்து, எனக்கென்று காயவைத்தாள். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். அந்தக் கோடையில்தான் அதைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கப் பழகியிருந்தேன். குடுக்கை இல்லாமல் இன்னும் எனக்கு நீச்சல் வராது. அது கையில் இருந்தால் நான் ராணி.

வீட்டுக்குப் போனதும் அதை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து அத்தையிடம் நீட்டினேன். இதைக் கட்டிக்கிட்டுப் போ என்றேன்.

அத்தை வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். விதைச் சத்தம் அடங்குகிற வரைக்கும் காதிலேயே வைத்திருந்தாள். பிறகு, "அப்ப நீ ஆத்துல எறங்கறதுக்கு?" என்றாள்.

"எனக்கு அடுத்த வருசத்துக் காய் வரும்."

"நெசமாவே போவட்டுமா கண்ணு?"

"போ. ஆனா அவுக்கக் கூடாது."

அத்தை உள்ளே போய் அய்யனிடம், துணிமணியெல்லாம் எடுத்து வைக்கிறேன் என்று சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு நிம்மதி. ஒரு பெரிய காரியத்தைத் தனியாளாகச் சரிசெய்துவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு பங்கு களி தின்றேன்.

அந்தக் குடுக்கை போன கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் மண்டபம் என்ற ஊரில் தீவுக்குப் போகிறவர்களை எல்லாம் முகாமில் சில நாள் நிறுத்தி, ஊசி போட்டு, துணியை ஆவியில் வைத்துத்தான் கப்பல் ஏற்றுவார்களாம். குடுக்கைக்குள் என்ன கலகலக்கிறது, உடைத்துக் காட்டு என்று அங்கே ஒருவன் கேட்டிருக்கிறான். அத்தை தர மாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாளாம். மாமா கெஞ்சிக் கூத்தாடிக் காப்பாற்றினாராம். மலைக்குளிரில் சில வருஷம் சுவரில் தொங்கி, ஒரு மழைக்காலத்தில் அது தானாகவே விரிசல் விட்டது. அத்தை விதையை எடுத்து வீட்டுக்குப் பின்னால் ஊன்றினாள். எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுரை கண்டிச்சீமைக் கூரையில் ஏறியது. கீழே ஊரிலிருந்து ஒரு சிங்களத்து அம்மாள் பலாக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுரைக்காய் வாங்கிப் போவாளாம். இரண்டு பேருக்கும் மற்றவள் பாஷை வராது. காயைத் தட்டிப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். பிற்பாடு அந்தத் தீவு தனி நாடானபோது, நீங்கள் எந்தத் தேசத்து ஜனங்கள் என்று மலையில் இருந்தவர்களைக் கேட்டார்கள். காட்டை அழித்துத் தேயிலை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பதில் சொல்லத் தெரியாமல் நின்றார்கள். வெள்ளம் அந்த வழியாகத்தான் வந்தது. அத்தையும் மாமாவும் அதிலும் முழுகாமல், பிள்ளைகளை இழுத்துக் கரை சேர்த்தார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தை என் தலையை அவிழ்த்து அவளே பின்னிவிடுவாள். எனக்கு நரை வந்த பிறகும் பின்னிவிட்டாள். இந்த ஜன்மத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் அந்தக் கைதான். எனக்காகத் தன் கல்யாணத்தையே பணயம் வைத்துக் காத்திருந்தவள், கடைசியில் நான் போ என்று சொன்ன பிறகுதான் போனாள். நான் போகாதே என்றே சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டார்கள். அக்கரை போய், அங்கிருந்து வண்டியில் கரூர், பிறகு ரயில். வெள்ளம் கொஞ்சம் வடிந்திருந்தது. ஊரே துறைக்கு வந்திருந்தது. அத்தை அரக்குப் புடவை கட்டியிருந்தாள். தலை நிறையப் பூ. பரிசலில் கால் வைக்கப் போனவளைத் தடுத்து, குடுக்கையைக் கட்டினால்தான் ஆச்சு என்று நான் நின்றேன்.

துறையில் அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரியம்மாவுக்குக் கோபம், போகிற பெண்ணை இப்படிக் கோமாளி ஆக்குகிறாளே என்று என்னை வைதாள். அத்தை எதுவும் காதில் வாங்காமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பரிசல்காரர் அரக்குப் புடவைக்கு மேலே கயிற்றைச் சுற்றிக் கட்டினார். கயிறு நீளமாக இருந்தது. மிச்சத்தை அறுக்கட்டுமா என்று கேட்டார்.

"அறுக்காதீங்க," என்றார் மாமா. தொங்கிய முனையைப் பிடித்துத் தன் கோட்டுக்கு மேலே இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். "உன்ற அத்தை மெதந்தா நானும் மெதப்பேன் அம்முணி. வெசனப்படாம இரு."

சிரிப்பு அடங்கிவிட்டது. அய்யன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி, நேராகி, திட்டு இருந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. அரக்கு நிறம் புள்ளியாகிற வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

பரிசல்காரர் வெறும் பரிசலோடு திரும்பி வந்தபோது நான் துறையிலேயே இருந்தேன். நல்லபடியாகக் கரை ஏறினார்களா என்று அய்யன் கேட்டார்.

"ஏறிட்டாங்க சாமி. கயித்தை அவுத்து உடட்டுங்களான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு பேரும் அப்புடியேதான் நடந்து போயி வண்டியில ஏறுனாங்க."

அய்யன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறுதான் தாண்டியாயிற்றே. இனிக் கடல் வரைக்கும் மேட்டு நிலம்தானே. அவிழ்க்கக் கூடாது என்று சொன்னவளும் நான்தான், ஆனால் நான் சொன்னது தண்ணீருக்கு. நடந்து போகிறபோது அது எதற்கு என்று வீடு வரைக்கும் அய்யனிடம் கேட்டுக்கொண்டே வந்தேன்.